ஜெபம், விசுவாசம், சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் வியாழக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கிறது. பாட்டு, வேதபாடம், ஜெபம் எல்லாம் முடிந்து, வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் உண்மையான கேள்விகள் வரும். "அக்கா, ஒரு நிமிஷம்" என்று கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போய்க் கேட்பார்கள். முகங்கள் மாறினாலும் பல வருஷமாகக் கேள்விகள் மாறவில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே எழுதிவைத்தேன்.

நான் இறையியல் படித்தவள் இல்லை, வேதத்தை வாசிக்கிறவள். வசனங்களை நம் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது அதற்கு முன்னும் பின்னும் பத்து வசனம் சேர்த்து வாசியுங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

"சபை ஐயர் மாதிரி எனக்கு அழகா ஜெபிக்க வராதுக்கா. நான் சும்மா புலம்புறது ஜெபமாகுமா?"

ஆகும். ஆலயத்தில் தூரத்தில் நின்ற ஆயக்காரன், அதாவது வரி வசூலிக்கிறவன், சொன்னது ஒரே வரி: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" (லூக்கா 18:13). தண்ணீரில் அமிழ்ந்துபோன பேதுரு கத்தினது அதைவிடச் சின்னது: "ஆண்டவரே, என்னை இரட்சியும்" (மத்தேயு 14:30). இரண்டு ஜெபமும் கேட்கப்பட்டது.

அன்னாளைப் பாருங்கள். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆசாரியனாகிய ஏலியே அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். அவள் தன் ஜெபத்தைப் பற்றிச் சொன்ன வார்த்தை எனக்கு மிகவும் பிடிக்கும்: கர்த்தருடைய சந்நிதியில் இருதயத்தை ஊற்றிவிட்டேன் என்றாள் (1 சாமுவேல் 1:15). குடத்தைக் கவிழ்த்து ஊற்றுகிறவள் எந்தச் சொட்டு முதலில் விழ வேண்டும் என்று பார்ப்பதில்லை.

"காலையில நாலு மணிக்கு எழும்பி ஜெபிக்கணும்ங்கிறாங்க. என்னால முடியல. வீட்டுல தனி ரூமும் இல்ல."

இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் (மாற்கு 1:35). முடிந்தவர்களுக்கு அது நல்ல வழக்கம். ஆனால் நாலு மணி என்று எங்கும் கட்டளை இல்லை. தானியேல் ஒரு நாளில் மூன்று வேளை ஜெபித்தான். நெகேமியா, ராஜாவின் கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவில் ஜெபித்தான் (நெகேமியா 2:4). ராஜா எதிரே நிற்கிறார், கண்ணை மூட வழியில்லை. ஒரு மூச்சு விடும் நேரம்தான் அவனுக்குக் கிடைத்தது.

கைக்குழந்தைக்காரி, இரவு டியூட்டி முடித்து வரும் நர்ஸ், தண்ணீர் வரும் நேரத்துக்காக விழித்திருக்கிறவள் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தைச் சட்டமாக்குவது நியாயமில்லை. "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப்பூட்டி" (மத்தேயு 6:6) என்று ஆண்டவர் சொன்னது, மனுஷர் காணும்படி வீதிச்சந்தியில் நின்று ஜெபித்தவர்களைக் குறித்துச் சொன்னதன் தொடர்ச்சி. பிறர் பார்வை இல்லாத இடம் என்பதுதான் அதில் முக்கியம். எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு அம்மாவுக்கு அது மொட்டைமாடியில் துணி காயப்போடும் இடம். பத்து நிமிஷம் என்றாலும் தினமும் அதே நேரம் வைத்துக்கொண்டால் மனம் தானாக அங்கே போய் நிற்கப் பழகும்.

"ஜெபிக்கும்போது மனசு எங்கெங்கோ போகுது. கேஸ் புக் பண்ணணும், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்னு..."

அந்த ஃபீஸையே ஜெபமாக்கிவிடுங்கள். மனம் ஓடிப்போகிற இடத்தில்தான் பாரம் இருக்கிறது. அதற்கும் மேல் அலைந்தால் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள்.

"ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பக் கேக்கலாமா? 'வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்'னு இருக்கே?"

அந்த வசனத்தை (மத்தேயு 6:7) முழுதாக வாசித்தால் காரணமும் அங்கேயே இருக்கிறது: "அவர்கள், அதிக வசனிப்பினால் தங்கள் ஜெபம் கேட்கப்படுமென்று நினைக்கிறார்கள்." வார்த்தையின் எண்ணிக்கைக்குப் பலன் உண்டு என்று நம்புவதையே அவர் கண்டித்தார். அதே இயேசு, சிலுவைக்கு முந்தின இரவு, கெத்செமனே தோட்டத்தில் மூன்று தரம் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபித்தார் (மத்தேயு 26:44). விடாமல் நியாயாதிபதியின் வாசலுக்குப் போன விதவையின் உவமையைச் சொன்னவரும் அவர்தான் (லூக்கா 18). மகனுடைய வேலைக்காக நூறு நாள் அழுது கேட்கலாம். நூறு தடவை சொன்னால் கணக்கு நிறையும் என்று எண்ணிக்கொண்டு சொல்வது வேறு.

"எத்தனை வருஷமா ஜெபிக்கிறேன், பதிலே இல்ல. என் விசுவாசம் போதலைன்னு சொல்றாங்க. அப்படியாக்கா?"

என் அம்மா புற்றுநோயில் படுத்திருந்தபோது, ஜெபிக்க வந்த ஒருவர் என்னைத் தனியாக அழைத்து இதையே சொன்னார். "வீட்டில் யாருக்கோ அவிசுவாசம் இருக்கிறது" என்றார். அம்மா போன பிறகும் பல மாதம் அந்த யாரோ நான்தானா என்று எண்ணி எண்ணித் தூங்காமல் கிடந்திருக்கிறேன். ஆகையால் இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பவுலுக்கு மாம்சத்தில் ஒரு முள் இருந்தது. மூன்று தரம் வேண்டிக்கொண்டார், நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" (2 கொரிந்தியர் 12:9) என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்குத் துணிவு உண்டு? கெத்செமனேயில் "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்று குமாரனே கேட்டார். பாத்திரம் நீங்கவில்லை. விசுவாசம் இருந்தால் கேட்டதெல்லாம் கிடைத்தே தீரும் என்று போதித்தால், அந்தத் தோட்டத்து ஜெபத்தை என்ன செய்வது?

இன்னொரு பக்கம், பிசாசு பிடித்த மகனைக் கொண்டுவந்த தகப்பன் கண்ணீரோடே சொன்னான்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" (மாற்கு 9:24). பாதி விசுவாசமும் பாதிச் சந்தேகமுமாக வந்தவனின் பிள்ளை சுகமானான். விசுவாசத்தை அளந்து அதற்குத் தக்கபடி பலன் கொடுக்கிறவராக ஆண்டவரை வேதம் காட்டவில்லை. அப்படியானால் ஏன் பதில் வரவில்லை? உங்கள் காரியத்தில் அது எனக்குத் தெரியாது. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லப் புறப்பட்டபோதுதான் தப்பினார்கள்.

"விசுவாசம் இருந்தா மாத்திரை எடுக்கக் கூடாதாமே?"

தயவுசெய்து யாருடைய வார்த்தையைக் கேட்டும் சர்க்கரை மாத்திரையையோ, இரத்த அழுத்த மாத்திரையையோ, மனநல மாத்திரையையோ நிறுத்தாதீர்கள். எசேக்கியா ராஜா ஜெபித்தார், ஆண்டவர் அவருக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகும் ஏசாயா, அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (ஏசாயா 38:21). பற்றுப் போட்டதால் ஜெபம் பொய்யாகிவிடவில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்கும் பவுல் எழுதினது, கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்பதுதான் (1 தீமோத்தேயு 5:23). பவுலோடு இருந்த லூக்கா ஒரு வைத்தியன் (கொலோசெயர் 4:14). ஜெபித்துவிட்டு மாத்திரையைப் போடுங்கள். பரிசோதனைக்கும் தவறாமல் போங்கள்.

"புது வருஷத்துக்கு எனக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்தமா வந்துச்சு. ஆனா அந்த வருஷமே கடை மூடிட்டோம். வாக்கு தப்புமா?"

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் அந்த வாக்குத்தத்த வசன அட்டையை எடுக்கும்போது கை நடுங்குவது எனக்கும் பழக்கம்தான். அந்த வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அட்டையில் ஒரு வசனம்தான் இருக்கும், அதற்கு முந்தின வசனம் இருக்காது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வரி, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதத்தில் வருகிறது. பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் என்று கணக்கு இருக்கிறது. ஐந்தாம் வசனத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. அந்தக் கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமல் பாபிலோனிலேயே இறந்திருப்பார்கள். வாக்கு அவர்களுக்கும் உரியதுதான். அது கடைக்கு உத்தரவாதமாகக் கொடுக்கப்பட்டதில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஒரு வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்து நீட்டும் வழக்கத்தைச் சாத்தானும் செய்தான். தேவாலயத்து உப்பரிகையில் அவன் சொன்னது 91-ஆம் சங்கீதம். இயேசு அதை மறுக்கவில்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்றும் எழுதியிருக்கிறதே" என்றார் (மத்தேயு 4:7). அந்த 'என்றும்' என்ற சொல்லில் ஒரு பாடமே இருக்கிறது: ஒரு வசனத்தை இன்னொரு வசனத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

"பொண்ணுக்கு வரன் பார்க்கிறோம். ஆண்டவர் சித்தம் தெரிய ஜெபிச்சிட்டு சீட்டு போட்டுப் பார்க்கலாமா?"

யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொள்ளச் சீட்டுப் போட்டது உண்மை (அப்போஸ்தலர் 1:26). அதற்கு முன்பு, யோவானின் ஸ்நானம் தொடங்கிக் கூட இருந்தவர் யார் என்று தகுதி பார்த்து இரண்டு பேரை நிறுத்தினார்கள் என்பதையும் கவனியுங்கள். அடுத்த அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவர் வருகிறார். அதன் பிறகு அப்போஸ்தலருடைய நடபடிகளில் சீட்டு வருவதில்லை. பதினைந்தாம் அதிகாரத்தில் பெரிய பிரச்சனை வந்தபோது கூடினார்கள், வாதாடினார்கள், கடைசியில் "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதினார்கள்.

பையன் குடிக்கிறானா, கடன் இருக்கிறதா, கோபம் வந்தால் என்ன செய்வான் என்று விசாரிப்பது விசுவாசக் குறைவு ஆகாது. பெண்ணுக்குச் சம்மதமா என்று அவளிடமே கேளுங்கள். விசாரிக்கச் சோம்பல்பட்டுச் சீட்டைப் போட்டுவிட்டு, பின்னால் கஷ்டம் வந்தால் ஆண்டவர் காட்டின வழி என்று அவர்மேல் சுமத்துகிறோம். எனக்கு இதில் மனவருத்தம் உண்டு.

"'ஒன்றுக்குங் கவலைப்படாமல்'னு இருக்கு. எனக்குக் கவலை வருதே, அது பாவமா?"

பிலிப்பியர் 4:6-ஐ எழுதும்போது பவுல் கட்டப்பட்டு இருந்தார். எல்லாம் சுகமாக இருக்கிற ஒருவர் அதை எழுதவில்லை. கவலை வந்தால் அதை எங்கே கொண்டுபோவது என்றுதான் சொல்கிறார்: விண்ணப்பங்களைத் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள். 13-ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்றே தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் இருளில் முடிகிறது, கடைசி வரியில்கூட வெளிச்சம் இல்லை. அதையும் ஜெபப்புத்தகத்தில் ஆவியானவர் வைத்திருக்கிறார். பல வாரமாகத் தூக்கமும் பசியும் இல்லாமல் போனால் மாத்திரையைப் பற்றி மேலே சொன்னதே இதற்கும் பொருந்தும். மருத்துவரைப் பாருங்கள்.

"ஆதியாகமத்துல 'தேவன் ஆபிரகாமைச் சோதித்தார்'னு இருக்கு. யாக்கோபு 'ஒருவனையும் அவர் சோதிக்கிறவருமல்ல'ங்கிறார். எது சரி?"

இது கூர்மையான கேள்வி. முடிச்சு 'சோதனை' என்ற சொல்லில் இருக்கிறது. புடத்தில் போட்டுத் தங்கத்தைப் பரிசோதிப்பதும் சோதனைதான், தூண்டில் போட்டு மீனை இழுப்பதும் சோதனைதான். தமிழில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்திலும் 'பெய்ராஸ்மோஸ்' என்ற ஒரே சொல் இரண்டையும் குறிக்கும். யாக்கோபு முதல் அதிகாரத்திலேயே இரண்டும் வருகின்றன. இரண்டாம் வசனத்தில் "பலவிதமான சோதனைகளில் அகப்படும்போது" சந்தோஷமாக எண்ணச் சொல்வது முதல் வகை. பதின்மூன்றில் தேவன் செய்வதில்லை என்பது இரண்டாம் வகை. அதை யார் செய்வது என்று பதினாலில் சொல்கிறார்: "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்."

ஒரே சம்பவத்தில் இரண்டும் சேர்ந்தும் வரலாம். வேலை போவது நம்மைப் புடமிடுகிற சோதனை. அந்த நேரம் பார்த்து, பொய்ச் சான்றிதழ் வாங்கலாம் என்று ஒருவன் காதில் சொல்வது தூண்டில். பரமண்டல ஜெபத்தில் "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்று சொல்லும்போது பலருக்கு நெருடுகிறது. கத்தோலிக்கர் தமிழில் "சோதனையில் விழவிடாதேயும்" என்று ஜெபிக்கிறார்கள், பொருள் அதில் தெளிவாகிறது.

"கெட்ட எண்ணம் வந்தாலே பாவம் செஞ்ச மாதிரிதானே?"

இல்லை. இயேசு எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டார், பாவமோ இல்லாதவர் (எபிரெயர் 4:15). சோதிக்கப்படுவதே பாவமென்றால் இந்த வசனம் நிற்காது. எண்ணம் கதவைத் தட்டுவது ஒன்று, உள்ளே அழைத்து நாற்காலி போடுவது ஒன்று. மத்தேயு 5:28 'இச்சையோடு பார்க்கிற' செயலைப் பற்றிப் பேசுகிறது, நாற்காலி போட்ட பிறகு நடப்பது அது. சிலருக்கு வேண்டாத தூஷண எண்ணங்கள் விரட்ட விரட்டத் திரும்பி வரும், அதனால் ஆராதனைக்கே பயந்து போகமாட்டார்கள். அவர்கள் செய்த பாவம் எதுவும் அங்கே இல்லை. அது வியாதியாகவும் இருக்கலாம், சிகிச்சை உண்டு.

"ஆண்டவர் நம்ம திராணிக்கு மேல கொடுக்க மாட்டார்னு எல்லாரும் ஆறுதல் சொல்றாங்க. எனக்குத் தாங்கவே முடியலக்கா."

அந்த வசனம் 1 கொரிந்தியர் 10:13. முன்னால் உள்ள வசனங்களில் விக்கிரகாராதனை, வேசித்தனம், முறுமுறுப்பு பற்றிப் பேசுகிறது. மேலே சொன்ன தூண்டில் வகைச் சோதனைக்கு "தப்பிக்கொள்ளும்படியான போக்கு" உண்டு என்பது அதன் வாக்கு. துக்கம், மரணம், கடன் எதுவும் நம் பலத்துக்கு மேல் வராது என்று அது சொல்லவில்லை.

சொல்லப்போனால் அதே பவுல் அதே சபைக்கு எழுதின அடுத்த நிருபத்தில், ஆசியாவில் தங்களுக்கு நேர்ந்தது தங்கள் "பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம்" என்று ஒளிக்காமல் சொல்கிறார். பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதாம் (2 கொரிந்தியர் 1:8). ஆகையால் "தாங்க முடியவில்லை" என்று நீங்கள் சொல்வது அவிசுவாசம் இல்லை. பவுலும் சொன்னதுதான். இனி யாராவது துக்க வீட்டில் இந்த வசனத்தைச் சொல்லப் போனால், பேசாமல் அடுப்படிக்குப் போய் டீ போட்டுக் கொடுங்கள்.

"ராத்திரி ஃபோன்ல பார்க்கக் கூடாததைப் பார்க்கிறான் என் மகன். அவனே அழுறான். ஜெபிச்சும் விடல."

எருசலேம் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டினவர்கள் என்ன செய்தார்கள்? "தேவனை நோக்கி ஜெபம்பண்ணி", இரவும்பகலும் ஜாமக்காரரையும் வைத்தார்கள் (நெகேமியா 4:9). ஜெபித்தோம் என்று காவலை விடவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஃபோன் கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும், அவனுடையது மட்டும் இல்லாமல் வீட்டில் எல்லோருடையதும். முந்தின பதிலில் சொன்ன 'போக்கு' பெரும்பாலும் இப்படிச் சின்ன வழியாகத்தான் இருக்கும். போத்திபாரின் மனைவி பிடித்திழுத்தபோது யோசேப்பு நின்று வாதாடவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான்.

அடுத்தது யாக்கோபு 5:16: "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு." அவன் நம்புகிற ஒரு மாமாவோ, வாலிபர் கூட்டத்தில் மூத்த அண்ணனோ, ஒருவரிடம் சொல்லட்டும். சபை முழுவதும் ஜெபக்குறிப்பாக வாசித்துவிடாதீர்கள். குடியும் இப்படித்தான். ஜெபமும் வேண்டும், மீட்பு சிகிச்சையும் வேண்டும்.

"லஞ்சம் வாங்க மாட்டேன்னு நின்னேன். என்னைத்தான் தூக்கி அடிச்சாங்க. உண்மையா இருந்ததுக்கு இதா பலன்?"

மேலே சொன்ன யோசேப்பு ஓடித் தப்பினான், சிறைக்குப் போனான். சோதனையை ஜெயித்த அன்றே அவனுக்கு வந்தது விலங்கு. பதினேழு வயதில் தொடங்கின கதை, பார்வோன் முன் நிற்கும்போது வயது முப்பது. நடுவில், கூடச் சிறையில் இருந்த பானபாத்திரக்காரன் வெளியே போய் இவனை மறந்துவிட்டதால் முழுசாக இரண்டு வருஷம் போனது. கர்த்தர் அவனோடே இருந்தார் என்று ஆதியாகமம் அந்தச் சிறை வருஷங்களைப் பற்றிச் சொல்கிறது. உங்களுக்கு முப்பது வயதில் கதவு திறக்கும் என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் செய்தது சரி. இடமாற்றம் அநியாயம். அதற்கு எதிராக முறைப்படி மனு கொடுப்பதும் சரிதான்.

"வீட்டுக்காரர் அடிக்கிறார். 'ஜெபம் பண்ணிட்டுப் பொறுத்துக்கோ, சிலுவையைச் சுமந்துக்கோ'ன்னு சொல்றாங்க."

சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது அங்கேயே உட்கார்ந்து சுரமண்டலம் வாசித்துக்கொண்டிருக்கவில்லை, விலகி அன்று இரவே தப்பி ஓடினான் (1 சாமுவேல் 19:10). கர்த்தரால் அபிஷேகம்பண்ணப்பட்டவர் என்று அவன் மதித்த ராஜாவிடமிருந்தே ஓடினான். பழிவாங்கவும் இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கவும் இல்லை. சிலுவை என்பது கிறிஸ்துவின் நிமித்தம் நாமே எடுத்துக்கொள்வது. குடித்துவிட்டு வருகிறவன் கைக்கு நம் முகத்தைக் கொடுப்பதற்கு அந்தப் பெயர் இல்லை. புருஷருக்குப் பேதுரு எழுதினதையும் வாசித்துக் காட்டுங்கள்: மனைவிக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யாவிட்டால் அவன் ஜெபத்துக்கே தடை (1 பேதுரு 3:7). இன்று ராத்திரி பயமாக இருந்தால் 181-க்கு அழையுங்கள், அது பெண்களுக்கான உதவி எண். என் வீட்டுக் கதவையும் தட்டலாம்.

"மறுபடியும் விழுந்துட்டேன். எந்த முகத்தோட ஜெபிக்கப் போறது?"

பேதுரு மறுதலிப்பதற்கு முன்பே இயேசு சொன்னார்: "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" (லூக்கா 22:32). விழப்போகிறவனுக்காக முன்கூட்டியே ஜெபம் நடந்திருக்கிறது. 'நீ விழாதபடிக்கு' என்றும் அவர் சொல்லவில்லை, "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்றார். அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவர் (1 யோவான் 1:9). என்ன வார்த்தை சொல்வது என்று தெரியாவிட்டால் 51-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது முதல் கேள்வியில் சொன்ன ஆயக்காரனின் வரியே போதும்.

பிரதான ஆசாரியனின் முற்றத்தில் பேதுரு மறுதலித்தபோது கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டிருந்தான் (யோவான் 18:18). உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் மறுபடியும் ஒரு கரிநெருப்பு போட்டிருந்தார், அதின்மேல் மீன், பக்கத்தில் அப்பம் (யோவான் 21:9). பேதுருவுக்கு அந்தப் புகை வாசனையிலேயே எல்லாம் ஞாபகம் வந்திருக்கும். தம்மிடத்தில் அன்பாயிருக்கிறாயா என்று மூன்று தரம் கேட்டது பின்னால்தான். முதலில் அவர் சொன்னது: "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்."